அம்மா சொன்ன ஒன்பது கப்

தங்கைக்குக் காய்ச்சல் கண்ட புதன்கிழமை மாலை வீட்டில் இருந்தது மூன்று பேர்: அம்மா, நான், தங்கை. அப்பா இல்லை. எங்கள் மலையிலேயே லெம்பா பெர்த்தாம் என்ற இடத்தில் ஒரு முதலாளியிடம் காய்கறி லோரி ஓட்டுகிறார். அன்று கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போயிருந்தார். பக்கத்து வீட்டு அத்தை அன்றைக்கு வந்து போனார், மறுநாளிலிருந்து உள்ளே வரவில்லை. உறவுக்கு அத்தை கிடையாது. அம்மா தேயிலை வெட்டப் போகும் நேரத்தில் தங்கையைத் தன் வீட்டுப் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறவர்.

தங்கைக்கு மூன்று வயது. எனக்கு இருபது. இடையில் யாரும் தங்கவில்லை. அவள் பிறந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் அதற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

அம்மா இரண்டாம் வகுப்பு, அப்பா நான்காம் வகுப்பு. பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் முடித்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது எங்கள் வீட்டில் எனக்குத்தான். பதிவு நாள் ஞாயிற்றுக்கிழமை, அதற்குப் பதினோரு நாள் இருந்தது. பிரிஞ்சாங் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய நீலப் பெட்டி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. தங்கை அதன்மேல் குதிரை ஏறுவாள். அந்தப் புதன்கிழமை அவள் ஏறவில்லை. அதில்தான் எனக்கு முதலில் தெரிந்தது.

அம்மா வேலை விட்டு வந்தவர் மழை அங்கியைக் கழற்றிக்கொண்டே, கொழுந்தை நிறுத்து எழுதும் கிராணியைப் பற்றி முணுமுணுத்தார்.

"இன்னைக்கும் மூணு கிலோ கழிச்சிட்டாரு கிராணி. மழையே இல்ல, எங்கேருந்து வந்துச்சு ஈரம்? கேட்டா பனியாம்."

"மா, பாப்பா ஒடம்பு சுடுது."

அம்மா தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மூன்று கிலோவைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்பாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். வாய்க்குள்ளும் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"அம்மை அண்ணி. ஊசி கீசின்னு தூக்கிட்டு ஓடாத. உள்ள எறங்கிடும்."

"அம்மைன்னா மொகத்துல வருமே அண்ணி. இது கையில வந்திருக்கே."

"எங்க வந்தா என்ன, அவ வந்திருக்கா. நான் உள்ள வரல. கோச்சுக்காத. என் வீட்லயும் பச்சப் புள்ள இருக்குலா."

நான் கோபித்துக்கொண்டேன். அவர் போய்ச் சிறிது நேரத்தில் ஒரு தூக்கில் ரசமும், எங்கேயோ கேட்டு வாங்கிய வேப்பிலைக் கொத்தும் வாசற்படியில் இருந்தன. எங்கள் குளிரில் வேம்பு வளராது. கோயிலுக்கே கீழேயிருந்துதான் வரும். அவர் கேட்டு அலைந்திருக்க வேண்டும். அம்மா அதை வாசலில் செருகினார். செருகியதும் எங்கள் வரிசையில் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. எதிர் வரிசை வழியாகச் சுற்றிப் போனார்கள். பொதுவாக, ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் எங்கள் லயத்தில் ஒருவர் தும்மினால் மூன்று வீட்டில் கேட்கும், நான்காவது வீட்டிலிருந்து மருந்து வரும். அந்த இரண்டு நாளும் வானொலிச் சத்தம்கூடத் தள்ளிக் கேட்டது.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் வாதாடிப் பிரிஞ்சாங் கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். வேப்பிலை வாசலில் இருக்கட்டும், பிள்ளை டாக்டரிடம் போகட்டும் என்று அம்மா இரண்டுக்கும் சம்மதித்தார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி லைட் அடித்துப் பார்த்தார். கை, கால், வாய்ப்புண் நோய், வைரஸ் என்றார். பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆனால் தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே என்றார்.

சனிக்கிழமை காலை அவள் தூங்கும்போது இரண்டு கையும் தூக்கிப் போட்டது. ஏதோ உயரத்திலிருந்து விழுகிற மாதிரி. ஐந்து நிமிடத்தில் நான்கு முறை எண்ணினேன். கிராணியிடம் ஓடினேன். மூன்று கிலோ கழித்த அதே கிராணிதான், ஒரு வார்த்தை கேட்காமல் எஸ்டேட் வேனை எடுத்தார். மலையிலிருக்கும் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். ஆம்புலன்சில் ஒருவருக்குத்தான் இடம். அம்மா ஏறினார். நான் பஸ்ஸில் பின்னால் போனேன்.

சனிக்கிழமை என்றால் கியா பார்ம் சாலை சுற்றுலா வந்த கார்களால் அடைத்துக் கிடக்கும். ஆம்புலன்சும் அங்கேதான் நின்றிருக்கும். என் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரு குடும்பம் ஸ்ட்ராபெர்ரி வாங்கி ஆளுக்கு ஒன்றாகத் தின்றுகொண்டே நடந்தது. அவர்கள் பஸ்ஸைவிட வேகமாகப் போனார்கள்.

*

கீழே வெயில். நான் குளிருக்குப் போட்ட சட்டையோடு போயிருந்தேன்.

தங்கையைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கதவில் கண்ணாடி. தொற்று நோய் என்பதால் ஒரு நேரத்தில் உள்ளே ஒரே ஒரு ஆள். மாலைக்குப் பிறகு ஆண்கள் கூடாது. ஆகவே இரவெல்லாம் அம்மா. காலை எட்டு மணிக்கு நான் போவேன். அம்மா வெளியே வந்து குளித்து, எதையாவது சாப்பிட்டு, பத்து மணிக்கு உள்ளே போவார். மாலையில் இன்னொரு மணி நேரம் எனக்கு. மற்ற நேரமெல்லாம் நடைவழி பெஞ்சு. படுக்க, வாகனம் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் துணைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு கொட்டகை. நானும் அம்மாவும் அந்தப் பத்து நாளில் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் இருந்ததே இல்லை. கதவருகே, ஒருவர் மஞ்சள் ஏப்ரனைக் கழற்ற, மற்றவர் மாட்ட, அந்த இடைவெளியில் பேசிக்கொண்டதுதான்.

வார்டில் ஒரு மிஸ்ஸி இருந்தார். மலாய்க்காரர், அம்மா வயது. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தமிழில் இரண்டு வார்த்தை தெரியும்: தண்ணி, குடி. தங்கையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டையும் சொல்வார். தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "என் தமிழ் அவ்வளவு மோசமா?" என்று என்னிடம் மலாயில் கேட்பார்.

இரண்டு நாள் கை வழியாகத் தண்ணீர் ஏறியது. உதறல் குறைந்தது. திங்கட்கிழமை டாக்டர் வந்து, மூளைக்குப் போகவில்லை, பயப்படாதீர்கள் என்றார். இனி வாய் வழியாகக் குடிக்க வேண்டும். வாய்ப்புண்ணால் மறுப்பாள், விடக்கூடாது. நன்றாகக் குடித்தால் ட்ரிப்பை எடுத்துவிடலாம், அப்படியே போனால் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை. என் பதிவு ஞாயிற்றுக்கிழமை. மனம் கணக்குப் போட்டதை நான் தடுக்கவில்லை.

மிஸ்ஸி ஒரு தாளைக் கொடுத்தார். நேரம், என்ன குடித்தாள், எத்தனை மில்லி, எத்தனை முறை டயாபர் மாற்றினோம் என்று கட்டங்கள். நூறு மில்லிக்குக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் கப். "எங்களுக்கு இந்த வார்டில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ராத்திரி முழுக்க இவள் பக்கத்தில் இருக்கப்போவது உன் அம்மா. உன் அம்மாவின் கண்தான் எங்களுக்குக் கண். இந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார், அடிக்," என்றார். தம்பி என்பதற்கு அவர்கள் வார்த்தை. பத்து நாளில் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்ட வெளியாள் அவர்தான்.

அம்மாவுக்குத் தாளை விளக்கினேன்.

"எனக்கு எங்கடா எழுதத் தெரியும்? நான் கோடு போட்டு வெக்கிறேன். காலைல நீ வந்து எழுதிக்க."

"சரிம்மா. எத்தனை கப்புன்னு மட்டும் சொல்லு."

செவ்வாய்க்கிழமை காலை கதவருகே அம்மா டிஷ்யூ பெட்டியைக் கொடுத்தார். அதன் பின்பக்கம் பேனாக் கோடுகள்.

"எத்தனைம்மா?"

"ஒம்போது கப்பு."

"ஒன்பதா?"

"கோடு இருக்கு பாரு. டயாபரு நாலு மாத்துனேன்."

"எத்தனை மணிக்கு எத்தனைன்னு தெரியுமா?"

"மணிய யாரு பாத்தா. மழ பெஞ்சப்ப ஒண்ணு. பக்கத்து ரூம்பு புள்ள அழுதப்ப ஒண்ணு."

நான் உள்ளே போய் உட்கார்ந்து எழுதினேன். நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கக்கூடாதே. எட்டு மணி, ஒன்பதரை, பதினொன்று என்று நானே பிரித்துப் போட்டேன். பள்ளியில் என் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். மிஸ்ஸி தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமாக எழுதும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை," என்றார். அம்மாவைக் கண்ணாடி வழியாகக் காட்டி, "காக்காக், பாஞா மினும்?" என்று கேட்டார். அக்கா, நிறையக் குடித்தாளா என்று. வெளியே நின்ற அம்மா பலமாகத் தலையாட்டினார். "பாஞா, மிஸ்ஸி. பாஞா."

அன்று ட்ரிப்பை எடுத்தார்கள். ஊசியை மட்டும் கையில் விட்டு வைத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் நேரத்தில் தங்கை குடிக்கவில்லை. நான் கப்பை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து மில்லி, பதினைந்து மில்லி. அதில் பாதி கழுத்தில் வழிந்தது. நான் என் கட்டத்தில் அதைத்தான் எழுதினேன், பத்து, பதினைந்து. அம்மாவின் கட்டத்தில் நூறு நூறாக இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. அம்மாவிடம் குடிக்கிறாள், என்னிடம் குடிக்க மாட்டேன் என்கிறாள். நான் விடுதிக்கும் நூலகத்துக்கும் என்று அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் பாதி நாள் இருந்ததில்லை. பிள்ளைக்கு அண்ணன் என்றால் சனிக்கிழமை வருகிற ஆள். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமையும் ஒன்பது கோடு. டயாபர் நான்கு. டாக்டருக்குத் திருப்தி.

ஆனால் அந்தப் புதன்கிழமை காலை ஜக்கைப் பார்த்தேன். முந்தைய மாலை கடையில் பார்லித் தண்ணீர் வாங்கி, ஒரு லிட்டர் ஜக்கு நிறைய நான்தான் ஊற்றி அம்மாவிடம் கொடுத்திருந்தேன். இப்போது அதில் முக்காலுக்கு மேல் இருந்தது. அம்மா மறுபடி நிரப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் தாண்டி வராத அம்மா எங்கே போய் பார்லி வாங்கி நிரப்புவார் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஜக்கைத் தொட்டியில் கொட்டிக் கழுவி வைத்தேன். ஒன்பதை அழகாக எழுதினேன்.

அன்று மதியம் அப்பா போன் போட்டார். பின்னால் லோரி எஞ்சின் சத்தம்.

"என்னடா சொல்றாங்க?"

"குடிக்கிறாப்பா. வெள்ளிக்கிழமை விட்டுருவாங்க."

"நான் வரட்டா? லோடு வேற ஆளுகிட்ட மாத்திடலாம்."

"வந்தாலும் உள்ள விடமாட்டாங்கப்பா. ஒரு ஆளுதான்."

"அதான் நெனச்சேன். கண்ணாடிக்கு வெளிய நிக்கத்தான் நீ இருக்கியே." ஒரு ஹாரன் அடித்துவிட்டுத் தொடர்ந்தார். "நீ ஞாயித்துக்கெழம போயிடு தம்பி. அதுக்குள்ள ஆயிடும்லா?"

"ஆயிடும்பா."

*

வியாழக்கிழமை காலை அம்மா கதவருகே சொன்னது பத்து. "இன்னைக்கு ஒண்ணு கூட," என்றார். அவர் கண் சிவந்திருந்தது. நான் ஏப்ரனை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

தங்கை விழித்துத்தான் இருந்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். கப்பை எடுத்தேன். வழக்கம்போல் பல்லைக் கடிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. வாய் சும்மா திறந்திருந்தது, தண்ணீர் உள்ளே போய் அப்படியே வெளியே வந்தது. பாதத்தைத் தொட்டேன், எங்கள் வீட்டுத் தரைபோல் சில்லென்று இருந்தது. அவள் அழுதாள். சத்தம் வந்தது, முகம் கோணியது, கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

மணியை அழுத்தினேன். மிஸ்ஸி வந்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், விரல் நகத்தை அமுக்கிப் பார்த்தார். டயாபரை அவிழ்த்து அங்கேயே தராசில் போட்டார். புதிய டயாபர் என்ன எடையோ அதே எடை. தாளை எடுத்தார். ஆயிரம் மில்லி என்று என் கையெழுத்து. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவைத் திறந்து குரல் கொடுத்தார். மூன்று பேர் ஓடி வந்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். கண்ணாடியில் திரை விழுந்தது.

அம்மா குளித்த ஈரத் தலையோடு வந்தபோது நான் பெஞ்சில் இருந்தேன்.

"ஏன்டா வெளிய ஒக்காந்திருக்க? உள்ள யாரு இருக்கா?"

"டாக்டருங்க. பாப்பா ஒடம்புல தண்ணியே இல்லையாம்."

அம்மா நின்றார்.

"மா. உண்மைய சொல்லு. பத்து கப்பா குடிச்சா?"

"குடுத்தேன்டா. பத்து தடவ குடுத்தேன்."

"குடிச்சது எத்தனை?"

"மூணு போயிருக்கும். மூணாவதுல பாதியத் துப்பிட்டா."

"அப்புறம் ஏம்மா பத்துன்னு சொன்ன?"

அம்மா என்னைப் பார்த்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குற்றம் செய்தவர் பார்வை இல்லை. இதுகூட உனக்குத் தெரியாதா என்று ஆச்சரியப்பட்ட பார்வை.

"கழிப்பாங்கள்லடா," என்றார். "எழுதறப்ப கழிப்பாங்கள்ல. நாம மூணுன்னு சொன்னா அவங்க ஒண்ணுன்னுதானே எழுதுவாங்க."

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. தராசு காட்டுவது ஒன்று, சம்பளக் கணக்கான செக்ரோலில் விழுவது ஒன்று. இருபத்து மூன்று வருடமாக அம்மா ஒரு நாள்கூடத் தான் சுமந்த எடையைத் தாளில் பார்த்ததில்லை. அதனால் நிறுக்கும் முன்பே எத்தனை என்று கேட்டால் கூட்டிச் சொல்வது அங்கே வழக்கம். அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை, கிராணியும் நினைப்பதில்லை. சொல்கிறவர் கூட்டுவார், எழுதுகிறவர் கழிப்பார், நடுவில் எங்கேயோ சரியான எடை இருக்கும்.

"இங்க யாரும்மா கழிப்பா? எழுதுறது நான்தானே."

"அதான்டா." அம்மாவின் குரல் முதல் முறையாக உடைந்தது. "எழுதுறவன் நீதானே. நீ கழிச்சுத்தான் எழுதியிருப்பேன்னு நெனச்சேன்."

அம்மா பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். எங்களுக்கு நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் இருந்தது. என் பள்ளிக் கட்டணத்துக்காக மழையில் நின்று கொழுந்து வெட்டியவர், பேனா பிடித்தவர்கள் இருக்கும் பக்கத்தில் என்னையும் எப்போது உட்கார வைத்தார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் வைக்கவில்லை. பெருமையோடுதான் வைத்திருப்பார். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு ஜக்கில் மீதியிருந்த தண்ணீர் தெரிந்தது, தெரிந்தும் கொட்டினான். அதை அம்மாவிடம் அப்போது சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மிஸ்ஸி வந்தார். தண்ணீர் ஏறுகிறது, இதயம் சீராக இருக்கிறது, இன்னும் சில மணி நேரம் பார்க்க வேண்டும் என்றார். எழுந்து நின்று மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்து, கிராணி, கழிவு. ஜக்கையும் சொன்னேன். அம்மாவுக்கு மலாய் ஓரளவு புரியும். "ஜக்" என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

மிஸ்ஸி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பெஞ்சில், எங்கள் நடுவில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"தவறு எனக்கும் உண்டு," என்றார். "எத்தனை குடித்தாள் என்று கேட்டேன். எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஈர டயாபரா காய்ந்த டயாபரா என்றும் கேட்கவில்லை."

அம்மா மாற்றிய நான்கில் இரண்டு காய்ந்தவை. பிள்ளை நனைக்காவிட்டாலும் மாற்றுவது நல்லது என்று மாற்றியிருக்கிறார்.

*

அன்று மாலைக்குள் தங்கை கண்ணைத் திறந்து அம்மாவைக் கேட்டாள். வெள்ளிக்கிழமை மிஸ்ஸி அம்மாவுக்குப் பாடம் எடுத்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று, கதவிடுக்கு வழியாக மொழிபெயர்த்தேன். கப்பில் ஊற்று, குடித்தது போக மீதியை இந்த இன்னொரு கப்பில் ஊற்று, துப்பினால் துப்பினாள் என்று சொல். டயாபரைத் தராசில் வை. காய்ந்த டயாபரின் எடையைக் கழித்துவிட்டு மீதியை எழுது.

அம்மா நிமிர்ந்தார்.

"என்னடா சொல்றாங்க? கழிக்கணுமா?"

"ஆமாம்மா. டயாபர் எடையக் கழிக்கணும்."

"சாக்குக் கழிவு," என்றார் அம்மா. "பாத்தியா, இங்கயும் இருக்கு."

மிஸ்ஸி என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "ஈரத்துக்குக் கழிக்கக்கூடாது என்று சொல். ஈரம்தான் எங்களுக்கு வேண்டும்."

அதற்குப் பிறகு அம்மாவைப்போல் அந்த வார்டில் யாரும் கணக்கு வைக்கவில்லை என்பேன். டயாபரைக் கையில் தூக்கியதும், தராசில் வைக்கும் முன்பே, "இது நல்ல எட," என்பார். தராசு ஆமாம் என்னும். கோடுகளுக்குப் பக்கத்தில் குடித்ததற்கு ஒரு வட்டம், துப்பியதற்கு ஒரு பெருக்கல் குறி என்று அவரே வைத்துக்கொண்டார். காலையில் நான் எழுதும்போது கதவருகே நின்று, "அம்பதுன்னா அம்பது போடு. கூட்டாத," என்பார். வடு இருந்தது அந்தச் சொல்லில். இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு இரண்டு வாரத்துக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வோம், தாமதக் கட்டணம் உண்டு என்றார் ஒரு பெண். அவ்வளவுதான். நான் பயந்து கொண்டிருந்த விஷயம் ஒரு நிமிடப் பேச்சில் முடிந்தது. இந்தப் போனைத் திங்கட்கிழமையே போட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, என்னோடு படித்தவர்கள் பதிவு மண்டபத்தின் முன் அப்பா அம்மாவோடு நின்று எடுத்த படங்கள் என் போனில் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அணைத்தேன். எட்டு மணிக்கு ஏப்ரன் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். தங்கை என்னை, முகமூடியை, கப்பைப் பார்த்தாள்.

"அண்ணே, எரியுது."

"தெரியும்டா. கொஞ்சமா."

"பெட்டி மேல ஏறலாமா?"

"வீட்டுக்குப் போனதும் ஏறலாம்."

யோசித்தாள். வாயைத் திறந்தாள். மெதுவாக, நடுவில் நிறுத்தி முகம் சுளித்து, மறுபடி. மீதியை இன்னொரு கப்பில் ஊற்றிப் பார்த்தேன். முப்பது மில்லி குடித்திருந்தாள். ஒரு சொட்டும் வழியவில்லை. கண்ணாடிக்கு வெளியே அம்மா குளிக்கப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். மூன்று விரலைக் காட்டினேன். அம்மா நான்காவது விரலைத் தூக்கிக் கேள்வியாகப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். மூன்றுதான்.

செவ்வாய்க்கிழமை விட்டார்கள். அப்பா மறுபடி சிங்கப்பூர் வழியில் இருந்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா கோசுக்கு நடுவுல ஏத்திக்கிட்டு வந்திருப்பேன்லா," என்றார் போனில். வேன் பிடித்தோம். வேன் மலை ஏற ஏறக் குளிர் வந்தது. தங்கை அம்மா மடியில் தூங்கினாள். கை உதறுகிறதா என்று இருவரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தோம். உதறவில்லை. எங்கள் வாசலில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. படியில் மறுபடி ஒரு தூக்கு ரசம். பக்கத்து வீட்டு அத்தை தன் கதவுக்குள் நின்று கையை மட்டும் ஆட்டினார்; பிறகு அழுதார். தொற்று நீங்க டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை அவர் வீட்டுப் பிள்ளையை இந்தப் பக்கம் விட வேண்டாம் என்று நானே சொன்னேன். லயம் இன்னும் எதிர் வரிசை வழியாகத்தான் நடந்தது.

அடுத்த நாள் நான் பெட்டியோடு கிளம்ப வேண்டும். அம்மா எனக்குத் தேநீர் ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எல்லாம் சேத்து எவ்வளவுடா ஆச்சு?"

கிளினிக், வார்டு, பஸ், வேன், டயாபர், நாங்கள் தின்றது, எனக்கு அவர்கள் போடப்போகும் தாமதக் கட்டணம், எல்லாவற்றையும் போனில் குறித்து வைத்திருந்தேன். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் குறைத்துத்தான் சொல்வேன். அம்மாவுக்கு அது தெரியும். நான் சொன்னதில் கொஞ்சம் கூட்டி மனதில் வைத்துக்கொள்வார்.

"கழிக்காம சொல்லு," என்றார்.

சொன்னேன். ஐந்நூற்று ஐம்பத்து மூன்று ரிங்கிட் அறுபது சென்.